துணைவேந்தர் இல்லையென்றால் பட்டம் செல்லாதா?

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை பெற்றோரிடையே ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது: "சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு முதல்வரே வேந்தர் ஆகிவிட்டார். துணைவேந்தர் இல்லாததால் அம்பேத்கர் கலைக் கல்லூரிப் பட்டம் செல்லாது." இரண்டும் தவறு.

2022இல் சட்டப்பேரவை நிறைவேற்றிய சென்னைப் பல்கலைக்கழக மசோதா, ஆளுநர் வகிக்கும் வேந்தர் பதவியைத் தொடவே இல்லை. துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரத்தைத்தான் அரசுக்கு மாற்ற முயன்றது. 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் ஒப்புதல் பெற்றதாகக் கருதிய பத்து மசோதாக்களில் இது இல்லை. ஆளுநர் இதைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பியிருந்தார். 'பத்து' என்று கேட்டதும் எல்லாப் பல்கலைக்கழகங்களையும் அதில் சேர்த்துவிட்டார்கள் போலும்! முதல்வர் வேந்தராக இருப்பது இசை, கவின்கலைப் பல்கலைக்கழகத்தில். அதன் 2013ஆம் ஆண்டுச் சட்டமே அப்படி.

பட்டத்தைப் பற்றிய பயம் வீண். பட்டம் வழங்குவது துணைவேந்தர் அல்ல, 1923ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் சென்னைப் பல்கலைக்கழகம். 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தபின் ஒருங்கிணைப்புக் குழு நிர்வாகத்தைக் கவனித்தது. 2024 செப்டம்பரில் பட்டமளிப்பு விழாவும் நடந்தது.

பதவி காலியாகவே கிடந்ததற்கு ஒரு முக்கியக் காரணம், துணைவேந்தர் பதவிக்குப் பெயர்களைப் பரிந்துரைக்கும் தேடுதல் குழுவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் பிரதிநிதி வேண்டும் என்று ஆளுநரும் வேண்டாம் என்று மாநில அரசும் பிடித்த பிடிவாதம். பெற்றோர் கோபப்பட நினைத்தால், அதற்காகக் கோபப்படலாம்.