வலது இருக்கையிலிருந்து ஒரு குரல்

2020 கோழிக்கோடு விமான விபத்து என்றாலே பேச்சு நேராக டேபிள்டாப் ஓடுபாதைக்குப் போய்விடுகிறது. குன்றின் தலையைச் சீவிப் போட்ட பாதை, முனையில் பள்ளம், கொட்டும் மழை. இது போதாதா என்கிறார்கள். எனக்குப் போதவில்லை. அதே பாதையில் அதே மழையில் எத்தனையோ விமானங்கள் ஒழுங்காக இறங்கியிருக்கின்றன.

பத்து வருடம் பின்னால் போவோம். 2010 மே 22, மங்களூர். துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் 166 பேர். 158 பேர் இறந்துபோனார்கள். தலைமை விமானி வழியில் நெடுநேரம் தூங்கியிருக்கிறார், குரல் பதிவில் குறட்டைச் சத்தமே இருந்தது. இறங்கும் நேரத்தில் விமானம் இருக்க வேண்டிய உயரத்துக்கு மிக மேலே. வலது இருக்கையிலிருந்த துணை விமானி மூன்று முறை ‘கோ அரவுண்ட்’ என்றார். அதாவது இறங்காதீர்கள், மேலே ஏறிச் சுற்றி வருவோம். எச்சரிக்கைக் கருவியும் கத்தியது. சுமார் 8,000 அடிப் பாதையில் 5,200 அடி போன பிறகே சக்கரம் தரையைத் தொட்டது. மிச்சப் பாதையில் நிற்க முடியாமல் விமானம் பள்ளத்தில் விழுந்தது.

2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு. அதே நிறுவனம், மறுபடி துபாயிலிருந்து. முதல் முயற்சியில் தலைமை விமானி பக்கத்து வைப்பர் நின்றுபோக, மேலே ஏறிவிட்டார்கள். அதுவரை சரி. அடுத்த முறை எதிர் முனையிலிருந்து, காற்று பின்னாலிருந்து தள்ள வந்தார்கள். துணை விமானி முதலில் தயங்கித் தயங்கி ‘கேப்டன்’ என்கிறார். அப்புறம்தான் ‘கோ அரவுண்ட்’. பாதையில் பாதி, 4,438 அடி கடந்து தரை தொட்டது. 21 உயிர்கள்.

அந்த ‘கேப்டன்’ என்ற ஒற்றைச் சொல்தான் என்னை விடவில்லை. தலைமை விமானிகள் இருவரும் பத்தாயிரம் மணி நேரத்துக்கு மேல் பறந்தவர்கள். அவர்கள் கையிலிருந்து கட்டுப்பாட்டை எப்படிப் பிடுங்குவது? இரண்டு விசாரணை அறிக்கைகளும் துணை விமானி கட்டுப்பாட்டைக் கையில் எடுக்கவில்லை என்கின்றன. அவரே எடுக்கலாமா என்பதில் விதிகளே குழப்பமாக இருந்தன என்று மங்களூர் அறிக்கை ஒப்புக்கொள்கிறது. மேலாளர் தப்பான கணக்கைக் காட்டும்போது ‘சார்...’ என்று இழுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளும் நமக்கு இது புரியாதா என்ன?

விமானி மேல் மட்டும் பழியைப் போட்டு நகரவும் மனம் வரவில்லை. கோழிக்கோட்டில் அப்போது கேப்டன்கள் பற்றாக்குறை. மறுநாள் காலை விமானத்தையும் ஓட்ட வேண்டியவர் அந்தத் தலைமை விமானியே. எப்படியாவது அங்கேயே இறங்கிவிட வேண்டும் என்ற எண்ணம் அவரைத் தள்ளியதாக அறிக்கை சொல்கிறது. அட்டவணை போட்டவர்கள் விமானத்தில் இல்லையே.

நாமும் சும்மா இல்லை. பூப்போல இறக்கினால் கைதட்டுகிறோம். ஈரப் பாதையில் அழுத்தமாக, சரியான இடத்தில் இறக்குவதுதான் முறை என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ஒருமுறை நான் வந்த விமானம் தரையை நெருங்கி, திடீரென்று இரைச்சலோடு மேலே ஏறியது. இருபது நிமிடம் தாமதம். பக்கத்து இருக்கைக்காரர் ‘ஓட்டத் தெரியாதவன்’ என்றார். வெளியே வரும்போது கதவருகே துணை விமானி நின்றிருந்தார், சின்னப் பையன். நன்றி தம்பி என்றேன். பின்னால் வந்த அதே மனிதர் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே என்னை இடித்துக்கொண்டு போனார்.