ஒரு துண்டு மைசூர்பாகும் நான்கு டம்ளர் காபியும்

போன மாதம் சொந்தத்தில் ஒரு வளைகாப்பு. பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தவள் என் கணவரின் ஒன்றுவிட்ட அண்ணன் மகள். இருபத்தாறு வயது. பாயச வாளி வந்ததும் இலையின் மேல் இரண்டு கையையும் குவித்து மறைத்துக்கொண்டாள். "வேண்டாண்ணே, டயட்ல இருக்கேன்." பரிமாற வந்தவர், "ஒரு கரண்டி வாங்கிக்கம்மா, நல்ல காரியம்" என்று சொல்லிப் பார்த்துவிட்டு நகர்ந்தார்.

கை கழுவும் இடத்தில் அவளே பேச்சை எடுத்தாள். நாற்பது நாள் இனிப்பே தொடாமல் இருந்திருக்கிறாள். அப்புறம் ஒரு நாள் ராத்திரி, எல்லோரும் தூங்கிய பிறகு, யாரோ கொண்டுவந்து கொடுத்திருந்த அரை கிலோ ஸ்வீட் பெட்டியில் முக்கால்வாசியை ஃப்ரிட்ஜ் முன்னால் நின்றபடியே சாப்பிட்டிருக்கிறாள். மறுநாள் முழுக்கப் பட்டினி. "எனக்கு மனக்கட்டுப்பாடே இல்ல சித்தி" என்று சொன்னபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நாற்பது நாள் இருந்தவளுக்கு மனக்கட்டுப்பாடு இல்லையென்று நான் ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவளுக்குக் கொடுக்கப்பட்ட முறைதான் தப்பு. எடை குறைய வேண்டுமென்றால் இனிப்பை முழுசாக விட்டுவிடு என்று சொல்கிறவர்கள் நம் ஊரில் கல்யாணம், காதுகுத்து, தீபாவளி, பொங்கல், கோயில் பிரசாதம் எதுவுமே இல்லாத மாதிரிதான் பேசுகிறார்கள். இனிப்புக்கு ஒரு நாளும் ஒரு அளவும் கொடுத்து, சாப்பாட்டுக் கணக்குக்குள்ளேயே அதை வைத்துக்கொள்ள முடியும். நான் அப்படித்தான் பதினான்கு மாதத்தில் 78 கிலோவிலிருந்து 68க்கு வந்தேன்.

எனக்கும் முதலில் கிடைத்தது அந்த "முழுசாக விடு" முறைதான். மூன்று வருடத்துக்கு முன்னால் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். வேண்டாதவை என்ற பட்டியலில் முதல் வரி இனிப்பு, இரண்டாவது வரி சோறு. இருபத்து மூன்றாம் நாள் நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் ஒரு ஜிலேபி சாப்பிட்டேன். ஒன்றோடு நின்றிருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது. "சரி, எல்லாம் போச்சு, நாளையிலிருந்து பார்த்துக்கலாம்" என்று அன்றைக்கு ஐந்து சாப்பிட்டேன். அந்த "நாளை" வரவே இல்லை. இது பலருக்கும் நடந்திருக்கும். ஒரு பொருளை முழுசாகத் தடை செய்துவிட்டால், முதல் வாயிலேயே விரதம் முறிந்த மாதிரி ஆகிவிடுகிறது. விரதம் முறிந்துவிட்டது என்று தோன்றிய பிறகு யாரும் ஒரு வாயோடு நிறுத்துவதில்லை.

அப்புறம்தான் வேறு மாதிரி யோசித்தேன். கணக்கு எழுதுவதுதான் எனக்கு வேலை. ஒரு சமையல் தராசு வாங்கி, ஒரு வாரம் வாயில் போகும் இனிப்பு அத்தனையையும் ஒரு நோட்டில் எழுதினேன். அந்த வாரம் இனிப்புப் பலகாரம் என்று சாப்பிட்டது மொத்தமே ஒரு மைசூர்பாகும் கொஞ்சம் கேசரியும்தான். காபி மட்டும் தினமும் நாலு டம்ளர். காலையில் வீட்டில் ஒன்று, ஆபீசில் பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும், சாயங்காலம் வந்து ஒன்று. டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சீனி. ஸ்பூனுக்கு 5 கிராம் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 40 கிராம். சீனி ஒரு கிராமுக்கு 4 கலோரி. ஆக, ஒரு நாளைக்கு 160 கலோரி, மாதத்துக்கு 4,800.

உலக சுகாதார நிறுவனம் 2015இல் கொடுத்த வழிகாட்டுதலில், உணவில் நாம் சேர்க்கும் சர்க்கரையும் தேன், பழச்சாறு போன்றவற்றில் இருக்கும் சர்க்கரையும் சேர்த்து, மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், ஐந்து சதவீதத்துக்குக் கீழே வந்தால் இன்னும் நல்லது என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அந்த ஐந்து சதவீதம் 25 கிராம். எனக்குக் காபி மட்டுமே அதைத் தாண்டிப் போயிருந்தது. அதை நான் இனிப்பு என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

அந்தத் தீபாவளிக்கு முன்னால் அத்தை மைசூர்பாகு கிளறினார். எங்கள் மாமியார் எழுபத்திரண்டு வயதிலும் அடுப்பை வேறு யாரிடமும் விடமாட்டார். அவர் எடுத்து வைத்ததையெல்லாம் நான் தராசில் நிறுத்துக்கொண்டேன். கடலை மாவு 100 கிராம், சீனி 250 கிராம், நெய் 200 கிராம். கம்பிப்பதம் வந்ததும் மாவைத் தூவி, பக்கத்து அடுப்பில் காயும் நெய்யை ஒவ்வொரு கரண்டியாக ஊற்ற ஊற்ற, மாவு நுரைத்துப் பொங்கிக் கூடு கூடாக எழும்பியது. வீடு முழுக்க அந்த வாசனை. தட்டில் கொட்டி, சூட்டோடு பதினாறு துண்டாகக் கோடு போட்டார்.

அன்று ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடலை மாவு சுமார் 370 கலோரி. சீனி 1,000. நெய், கிராமுக்கு 9 வீதம் 1,800. மொத்தம் 3,170. ஒரு துண்டு ஏறக்குறைய 200 கலோரி, அதாவது மூன்று நான்கு இட்லிக்குச் சமம். இதில் இரண்டு விஷயம் எனக்குப் புதிதாகப் புரிந்தது.

ஒன்று, மைசூர்பாகில் பாதிக்கு மேல் கலோரி நெய்யிலிருந்துதான் வருகிறது. அப்படியானால் "சுகர் ஃப்ரீ மைசூர்பாகு" என்று பெட்டியில் போட்டிருப்பதை வாங்கி, இதில் எடை ஏறாது என்று நாலு துண்டு சாப்பிட்டால் என்ன ஆகும்? சீனியை எடுத்தாலும் நெய் எங்கேயும் போகவில்லை. எடை குறைக்கிறேன் என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது நெய்யும் எண்ணெயும்தான். பாகில் ஊறிய ஜாமூன், எண்ணெயில் பொரித்த ஜாங்கிரி, நெய் சொட்டும் அல்வா இவற்றோடு எடைக்கு எடை ஒப்பிட்டால் பால் பாயசம் லேசானது. அதனால் என் இலையில் பாயசம் விழுந்தால் நான் கையை மறைப்பதில்லை.

இரண்டு, வெல்லம். இந்தப் பேச்சில்தான் எனக்கு நிஜமாகவே ஆதங்கம். வெள்ளைச் சீனி விஷம், வெல்லமும் கருப்பட்டியும் நாட்டுச்சர்க்கரையும் மருந்து என்று எத்தனை வீடியோ, எத்தனை பதிவு! சீனி 100 கிராமில் 400 கலோரிக்குக் கொஞ்சம் கீழே, வெல்லத்தில் சுமார் 380. அத்தையின் தட்டில் சீனிக்குப் பதிலாக அதே 250 கிராம் வெல்லம் போட்டிருந்தால் துண்டுக்கு மூன்று கலோரிதான் குறைந்திருக்கும். வெல்லத்தில் கொஞ்சம் தாது உப்பு இருக்கிறது, உண்மைதான். கருப்பட்டியின் மணத்துக்கு ஈடு கிடையாது, அதுவும் உண்மை. ருசிக்காகச் சாப்பிடுங்கள், நானும் சாப்பிடுகிறேன். எடை குறையும் என்று நம்பி ஒன்றுக்கு மூன்றாகச் சாப்பிடாதீர்கள். ஆபீசில் என் பக்கத்து மேஜையில் இருப்பவர் கருப்பட்டிக் காபிக்கு மாறினார். உடம்புக்கு நல்லதாயிற்றே என்று நாளுக்கு இரண்டாக இருந்த காபி நாலாகிவிட்டது. ஆறு மாதத்தில் இரண்டு கிலோ ஏறியிருக்கிறார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவரை அப்படி நம்பவைத்தவர்கள் மேல்தான் கோபம்.

கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் இதே கதைதான். 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம், எனக்கு உயிர். கடலையில் புரதம் இருக்கிறது, ஒரு துண்டு பசியும் தாங்கும். ஆனால் 100 கிராமுக்கு ஏறக்குறைய 500 கலோரி. சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரு துண்டு என்றால் சரி. பாக்கெட்டைப் பையில் போட்டுக்கொண்டு கை போகும்போதெல்லாம் எடுத்தால், அது ஒரு வேளைச் சாப்பாட்டைத் தாண்டிவிடும். செயற்கை இனிப்பு மாத்திரைகளைப் பற்றியும் கேட்பார்கள். எடையைக் கட்டுப்படுத்த அவற்றை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2023 மே மாதம் சொல்லிவிட்டது. அந்த அறிவுரை ஏற்கனவே நீரிழிவு உள்ளவர்களுக்குப் பொருந்தாது என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறது.

நீரிழிவு உள்ளவர்களுக்கு நானும் இதைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பதிவை வைத்து உங்கள் சாப்பாட்டை மாற்றாதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் (ஐசிஎம்ஆர்) சென்னையின் மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் சேர்ந்து செய்த ஆய்வு 2023இல் வந்தது. நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று அது சொல்கிறது. எங்கள் வீட்டிலேயே இரண்டு பேர். அவர்களுக்கு எவ்வளவு, எப்போது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

சரி, நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்கள். முதலில் காபி. ஒரே நாளில் சீனியை நிறுத்தவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை அரை ஸ்பூனாகக் குறைத்தேன். ஆபீஸ் காபி சீனி கலந்தேதான் வரும் என்பதால் அதை விட்டுவிட்டு மோருக்கு மாறினேன். இப்போது இரண்டு டம்ளர், டம்ளருக்கு அரை ஸ்பூன். நாக்கு பழகிவிட்டது. பழைய அளவில் யாராவது போட்டுக் கொடுத்தால் குடிக்க முடியவில்லை. ஒரு நாளைக்கு 140 கலோரி மிச்சம், வாரத்துக்கு 980. அதிலிருந்து வாரம் இரண்டு துண்டு மைசூர்பாகுக்கு 400 எடுத்துக்கொண்டாலும் 580 கையில் நிற்கிறது. உடம்பு இவ்வளவு நேராகக் கணக்குப் பார்க்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எந்தப் பக்கம் போகிறோம் என்பது இதில் தெரிந்துவிடும்.

அந்த இரண்டு நாளும் முன்கூட்டியே முடிவாகியிருக்கும். ஞாயிறு ஒன்று, நடுவில் ஒன்று. விசேஷம் வந்தால் அந்த வாரம் அதுவே ஒரு நாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சின்னத் தட்டில் எடுத்துவைத்து உட்கார்ந்து சாப்பிடுவேன். காய், பருப்பு, முட்டை என்று வயிறு நிறைந்த பிறகு சாப்பிட்டால் ஒன்றோடு போதுமென்று தோன்றுகிறது, ரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகமும் குறைகிறது. வெறும் வயிற்றில், சாயங்காலம் ஐந்து மணிப் பசியில் பெட்டியைத் திறந்தால் ஒன்றோடு யாராலும் நிறுத்த முடியாது. கடையில் கால் கிலோ என்று கேட்பதையும் விட்டேன். ஆளுக்கு ஒன்று, மூன்று துண்டு கொடுங்கள் என்று கேட்கிறேன். கடைக்காரர் முதல் தடவை ஒரு மாதிரி பார்த்தார், இப்போது என்னைப் பார்த்ததும் அவரே சின்ன உறையை எடுக்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூர் போனால் பால்கோவா 50 கிராம் வாங்கி அங்கேயே சாப்பிட்டுவிட்டு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்தது எதுவோ அதற்குத்தான் அந்த நாள். பிடிக்காத கேக்கை, கொடுத்துவிட்டார்களே என்று சாப்பிட்டு அந்த நாளைச் செலவழிப்பதில்லை.

இதெல்லாம் போக தினமும் நாற்பது நிமிட நடை, ராத்திரி எட்டு மணிக்குள் சாப்பாடு, மாலையில் சுண்டல் என்று வேறு மாற்றங்களும் செய்தேன். காபி ஒன்றாலேயே பத்து கிலோ இறங்கியது என்று சொன்னால் அது பொய்.

பெண்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். நம் வீடுகளில் மிச்சமானதை முடிப்பது நம் வேலை என்று வைத்திருக்கிறோம். குழந்தை பாதியில் வைத்த லட்டு, டப்பாவின் அடியில் உதிர்ந்த தூள், நாலு நாளான கேசரி, எல்லாம் "வீணாப் போயிடுமே" என்று நம் வாயில்தான் விழுகிறது. அதில் ருசி கிடையாது, ஆசையும் கிடையாது. பாத்திரம் காலியாக வேண்டும், அவ்வளவுதான். அந்த முதல் வாரத்துக்குப் பிறகு என் நோட்டில் எழுதிய அந்த மாதிரி வரிகளைப் படித்தபோது எனக்கு மனசு கனத்துப் போனது. இப்போது தீபாவளிக்கு வருகிற பெட்டிகளைப் பிரிக்காமலே அன்றைக்கே வாட்ச்மேன் வீட்டுக்கும், வீட்டு வேலையில் உதவும் அக்காவுக்கும், மாடி வீட்டுப் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிடுகிறேன். வீட்டில் செய்வதும் பாதி அளவுதான்.

வளைகாப்பில் பார்த்த அந்தப் பெண்ணுக்கு ஒரு விஷயத்தை மட்டும் போனில் திரும்பத் திரும்பச் சொன்னேன். விசேஷத்துக்கு மறுநாள் காலையில் எடை ஒரு கிலோ கூடியிருக்கும், அதைப் பார்த்துப் பயப்படாதே, பட்டினி கிடக்காதே. ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. ஒரு விருந்தில் அவ்வளவு கூடுதலாக யாராலும் சாப்பிட முடியாது. மாவுச்சத்தும் சர்க்கரையும் உடம்பில் கிளைகோஜனாக, அதாவது சேமிப்புச் சர்க்கரையாகச் சேரும்போது ஒரு கிராமுக்குச் சுமார் 3 கிராம் தண்ணீரையும் சேர்த்துப் பிடித்து வைக்கும். காரத்திலிருக்கும் உப்பும் தண்ணீரைப் பிடிக்கும். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் நாலைந்து நாளில் அது இறங்கிவிடும். மறுநாள் பட்டினி கிடந்தால்தான் அடுத்த ராத்திரி மறுபடி ஃப்ரிட்ஜ் முன்னால் நிற்க நேரும். அவள் இப்போது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாவோடு உட்கார்ந்து ஒரு ஜாங்கிரி சாப்பிடுகிறாள். ராத்திரி எழுந்து போவது நின்றிருக்கிறது என்றாள். எடை மெதுவாகத்தான் இறங்குகிறது. இறங்கட்டும்.

இந்த வருடமும் அத்தை அதே அளவில்தான் மைசூர்பாகு கிளறினார். நெய்யைக் குறைக்கச் சொன்னால் கேட்கமாட்டார், குறைத்தால் கூடு விழாது என்பார். தட்டில் கொட்டிவிட்டுக் கத்தியை எடுத்தவர் என்னை ஒரு தடவை பார்த்தார். "எத்தனையா போடட்டும்?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் அவரே இருபத்துநாலாகக் கோடு போட்டார்.