பாப்பாவுக்கு கீபோர்டு வாங்கிக் குடுத்த கதைங்க

எங்க ஊடு பல்லடம் பக்கம், ஊட்டுக்குப் பின்னாடியே தறி ஷெட்டு, எட்டுத் தறி ஓடுது. பாப்பாவுக்கு நாலு வயசு இருக்கும்போது ஒருநா பொழுதோட நான் திண்ணையில உக்காந்து போன் பாத்துட்டு இருக்கறேன், அவ பக்கத்துல வட்டல்ல சோத்த வெச்சுக்கிட்டு திங்காம ஸ்பூன்ல தட்டிட்டே இருந்தவ சட்டுனு நிறுத்திட்டு "அப்பா, ஒரு தறி நின்னுருச்சு"ங்கறா. எனக்கு ஒண்ணும் தெரியல. எட்டு ஓடுனாலும் ஏழு ஓடுனாலும் எனக்கு ஒரே இரைச்சல்தானுங்க. போய்ப் பாத்தா நெசமாவே மூணாவது தறியில ஊடை நூலு அந்து நின்னு கெடக்குது. அப்பத்தான் ஒறச்சுது, இவ வட்டல்ல தட்டுனது சும்மா தட்டுனதில்ல, தறிச் சத்தத்துக்குத் தோதா தட்டிட்டு இருந்திருக்கறா, அது மாறுனதும் இவ கையும் நின்னுபோச்சு.

பெத்தவன் சும்மா இருப்பானா? அடுத்த மாசமே ஏழாயிரத்துக்கு கீபோர்டு ஒண்ணு, டவுன்ல ஒரு கிளாசு. எந்த கிளாசுங்கறது வேண்டாம் உடுங்க. மொத நாளே நோட்டு வாங்கிட்டு வரச் சொல்லிட்டாங்க, ச ரி க ம ப த நி பத்துத் தடவ எழுதிட்டு வரணுமாம். நாலு வயசுப் பொடுசுக்கு "ச" எழுதவே கை வளையாது, பென்சிலப் புடிச்சுக்கிட்டு அழுவுறா. மூணாவது மாசம் கிரேடு எக்ஸாம் ஃபீசு, அப்புறம் ஆண்டு விழாவுக்கு டிரெஸ்ஸுக்குத் தனியா காசு.

ஆனா வாத்தியார மட்டும் குத்தம் சொன்னா நாயமில்லீங்க. ஒறம்பற யாரு வந்தாலும் "மாமனுக்கு ஒரு பாட்டு வாசிச்சுக் காட்டு சாமி"ன்னு நிக்க வெச்சது நாந்தான். மொதத் தடவ வாசிச்சா. ரெண்டாந் தடவ கட்டலுக்கு அடியில போய்ப் பூந்துக்கிட்டு வரவேமாட்டேன்னுட்டா. எட்டு மாசத்துல கிளாசு முடிஞ்சுது, கீபோர்டு இப்ப பீரோ மேல பழைய சீலையப் போத்திட்டுத் தூங்குது. காசு போனா போகட்டும், அவ வட்டல்ல தட்டுறதையும் நிறுத்திட்டா பாருங்க, அதுதான் எனக்கு இன்னும் ஆறல.

கொழந்தைக்குப் பேச்சு எப்படி வருது, ஒரு வருசம் ரெண்டு வருசம் நாம பேசறதக் கேட்டுக்கிட்டே கெடக்குது, அப்புறம் கொழறிக் கொழறிப் பேசுது, நாமளும் சிரிச்சுக்கறோம், எழுத்து அதுக்கும் எத்தனையோ நாள் கழிச்சு. பாட்டுக்கு மட்டும் ஏனுங்க எழுத்துல ஆரம்பிக்கறோம்? ஜப்பான்ல சுசுகின்னு ஒரு வயலின் வாத்தியாரு இருந்தாரு, அவரு முறையே இதுதான், தாய்மொழி கத்துக்கற மாதிரி மொதல்ல காது, ஊட்டுல தெனமும் கேக்கணும், அப்பாவோ அம்மாவோ கூட உக்காரணும், எழுதி வெச்ச சுரத்தப் பாத்து வாசிக்கறதெல்லாம் பொறவு. அவ்வளவு தூரம் எதுக்குங்க, நம்ம கர்நாடக சங்கீதத்துல மொதப் பாடம் சரளி வரிசையே வாத்தியாரு பாட அதக் கேட்டுத் திருப்பிப் பாடறதுதானே.

இன்னொரு கூத்து. என்ற சம்சாரம் மாசமா இருந்தப்ப மச்சான் ஒருத்தன் மோசார்ட் இசை கேட்டா கொழந்தைக்கு மூளை வளரும்னு வாட்ஸ்அப்ல அனுப்பிட்டே இருந்தான். பொறவு தேடிப் படிச்சா, 1993ல வந்த அந்த ஆராய்ச்சி கொழந்தைகள வெச்சே பண்ணல, காலேஜ் பசங்க 36 பேரு. பத்து நிமிசம் கேட்டாங்க, வடிவத்த மனசுல நெனச்சுப் பாக்கற ஒரு வகைப் புதிர்ல கொஞ்சம் நல்லாப் பண்ணாங்க, அதுவும் பத்துப் பதினஞ்சு நிமிசத்துல போயிருச்சாம். இத நம்பி 1998ல அமெரிக்காவுல ஜார்ஜியா மாகாண கவர்னர் பொறக்கற கொழந்தைக்கெல்லாம் சிடி குடுக்கறேன்னு கெளம்புனாரு. நம்ம மச்சான் பரவால்லீங்க.

வயித்துல இருக்கறப்பவே கொழந்தைக்கு நல்லாக் கேக்கறது அம்மாவோட கொரலுதான். எங்கூட்டுல பொறந்ததுக்கப்பறம் கேட்டது அப்பத்தா கொரலு. எங்கம்மா முப்பது வருசம் தறிக்குத் தார் (ஊடை நூலுக் குச்சி) சுத்துனவங்க, அந்த இரைச்சல்ல காது மந்தமாயிருச்சு (அதனாலயே பாப்பாவ ஷெட்டுக்குள்ள உடறதே இல்ல). அவங்க பாட்டுக்கு சுருதியும் கெடையாது ஒண்ணும் கெடையாது, தூளிய ஆட்டிக்கிட்டு ஆராரோன்னு இழுத்தா நாலு ஊடு தள்ளிக் கேக்கும். ஆனா பாப்பா அதுக்குத்தான் தூங்குனா. என்ற சம்சாரம் நல்லாப் பாடுவா, அவ பாடுனா கண்ண முழிச்சுப் பாத்துட்டுக் கெடப்பா. என்னமோ போங்க.

எனக்குக் கொரல் நல்லாயில்ல, நான் பாடுனா சிரிப்பாங்கன்னு சொல்ற அப்பாமாருங்களுக்குத்தான் இத எழுதறேன். நம்ம அவிநாசியில சுந்தரரு பாடித்தான் முதலை முழுங்குன பையனையே திரும்ப வரவெச்சாருன்னு கதை. நம்ம பாட்டக் கேட்டு, டிவி முன்னாடி உக்காந்திருக்கற கொழந்தை எந்திரிச்சு சோத்துக்கு வந்தாப் போதாதுங்களா? தலைக்கு எண்ண வெக்கறப்ப பாடுங்க, வண்டியில போறப்ப பாடுங்க, வார்த்தை மறந்தா தன்னானே போடுங்க. போன்ல பாட்டுப் போட்டா போனக் குப்புறக் கவுத்து வெச்சுருங்க. படம் ஓடுனா கொழந்தை வாயப் பொளந்து பாத்துட்டு இருக்குமே ஒழிய பாடாது, இது எங்கூட்டுல நான் கண்ணால பாத்தது.

நம்ம கொடுமுடி கே.பி.சுந்தராம்பாள் எந்த கிரேடு பாஸ் பண்ணாங்க? சின்னப்புள்ளையா ரயில்ல பாடிட்டு இருந்தப்பத்தான் அந்தக் கொரலு நாடகக்காரங்க காதுல உழுந்துச்சும்பாங்க. அதுக்காக வறுமையில இருந்தாத்தான் பாட்டு வரும்னு நான் சொல்லல, அந்த வறுமை யாருக்கும் வேண்டாம்.

பாப்பாவத் திருப்பிக் கொண்டாந்தது வள்ளிக் கும்மிங்க. எங்கூருல நோம்பிக்கு முன்னாடி தெனம் ராத்திரி தெருவுல பழகுவாங்க, ஆசிரியர் பாட, சுத்தி நின்னு கைதட்டி ஆடறது. மொதல்ல ஆம்பளைங்க ஆட்டமாத்தான் இருந்துச்சு, 2024ல பத்மஸ்ரீ வாங்குனாரே நம்ம கோயமுத்தூர்ப் பக்கத்து பத்ரப்பன் ஐயா, 87 வயசுல, அவரெல்லாம் பொம்பளைங்களுக்கும் கத்துக்குடுத்து உட்டதாலதான் இன்னைக்கு என்ற பொண்ணு ஆடுறா. ஒரு வாரம் என்ற கால் சந்துல நின்னு வேடிக்கை பாத்தா. எட்டாம் நாளு தானாப் போய்க் கடைசி வரிசையில நின்னுக்கிட்டா. அடி தப்பு, கையி தப்பு, எல்லாரும் வலத்த திரும்புனா இவ இடத்த. ஒருத்தரு ஒரு வார்த்தை சொல்லலீங்க. முன்னாடி இருந்த அக்கா ஒண்ணு திரும்பிப் பாத்து இவளுக்காக மெதுவாத் தட்டுச்சு, அவ்வளவுதான். நானும் வீடியோ எடுக்கல, கைய ஜோப்புல போட்டுக்கிட்டு நின்னேன், அது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத்தான் தெரியும்.

நேத்து ராத்திரி கரண்டு போச்சு, எட்டுத் தறியும் ஒண்ணா நின்னு ஊரே அமைதி. இருட்டுல பாப்பா கும்மிப் பாட்ட இழுக்கறா, எங்கம்மாவும் ஏதோ புரிஞ்சுக்கிட்டுக் கைதட்டறாங்க, தாளம் எங்கியோ போகுது. பாப்பா பாட்ட நிறுத்திட்டு, "அப்பத்தா, தப்பு தப்பு, என்ற கையப் பாரு"ன்னா. எங்கம்மா "என்ன சாமி, சோறா?"ங்கறாங்க. அதுக்குள்ள கரண்டு வந்துருச்சு.