நாலு ஆசனத்தின் கணக்கு

திருகோணமலையில் அரசியல் கதைக்காத தேநீர்க்கடை இல்லை. ஆனால் நாங்கள் போடுகிற வாக்கு எப்படி ஆசனமாகிறது என்று விளங்கப்படுத்தத்தான் ஆள் இல்லை.

எனக்கு விளங்கப்படுத்தியவர் ஓய்வு பெற்ற அரசியல் விஞ்ஞானப் பேராசிரியர் ஒருவர். பெயர் போட வேண்டாம் என்றார். எங்கள் போட்டோக் கொப்பிக் கடைக்குப் பழைய வர்த்தமானிகளோடு வருவார். கூட்டம் என்றால் வாங்கில் இருந்து பேப்பர் பார்ப்பார். அப்படித்தான் பழக்கம்.

போன பொதுத் தேர்தல் நேரம், “எங்கட ஆட்கள் எத்தனை பட்டியலில நின்றாலும் வாக்கு எங்கட வாக்குத்தானே சேர்?” என்று கேட்டேன். பழுதான தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, “இரும் தம்பி, கணக்காப் பார்ப்பம்” என்றார்.

மாவட்டத்துக்கு 4 ஆசனம். செல்லுபடியான வாக்கு 200,000 என்று வைப்போம். 5 வீதம் எடுக்காத கட்சிகள் கழிந்துவிடும். அதில் 20,000 போகட்டும். முதலாவதாக வரும் கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். மிச்சம் 3. ஆகவே 180,000ஐ மூன்றால் பிரித்தால், 60,000க்கு ஓர் ஆசனம்.

ஒரு கட்சி 90,000, அடுத்தது 55,000, மற்றது 35,000. முதல் கட்சிக்கு போனஸோடு 2 ஆசனம், கையில் மிச்சம் 30,000 வாக்கு. மீதி இரண்டு ஆசனமும் மிச்ச வாக்கு கூடியவர்களுக்கு: 55,000க்கு ஒன்று, 35,000க்கு ஒன்று. சரி, அந்த 55,000மும் 28,000, 27,000 என்று இரண்டாகப் பிரிந்தால்? 35,000க்கு ஒன்று, முதல் கட்சியின் அந்த 30,000க்கு மற்றது. பிரிந்த இருவருக்கும் ஒன்றுமே இல்லை! வாக்கு ஒன்றுகூடக் குறையவில்லை, ஆசனம் போய்விட்டது.

பக்கத்தில் நின்ற ஏ.எல். பிள்ளைகள் இரண்டு பேர் அந்தத் தாளைப் போனில் படம் எடுத்தார்கள். பரீட்சைக்கு நோட்ஸ் பாடமாக்குகிற பிள்ளைகள் அவர்கள்.

மாகாண சபையைப் பற்றியும் அவரிடம்தான் தெளிவாகக் கேட்டேன். கிழக்கில் கடைசியாக 2012 செப்டெம்பரில் தேர்தல் நடந்தது, 2017இல் சபை கலைந்தது. அதே வருடம் தேர்தல் முறையை, தொகுதியும் விகிதாசாரமும் சேர்ந்த கலப்பு முறையாக மாற்றிச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதற்குத் தொகுதிகளைப் பிரித்த எல்லை நிர்ணய அறிக்கையை 2018இல் நாடாளுமன்றம் தோற்கடித்தது. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை என்றாகி, தேர்தல் தள்ளிப்போனது. சபை இருந்த ஊரிலேயே இருந்துகொண்டு இதை எத்தனை பேர் அறிவோம்?

யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை, கேட்டாலும் சொல்லமாட்டார். அதனாலேயே எல்லாக் கட்சிக்காரரும் அவர் பக்கத்தில் இருந்து கேட்கிறார்கள். இப்படியானவர்களை நாங்கள் பொன்னாடை போர்த்தி, ஐந்து நிமிடம் பேசவிட்டு அனுப்பிவிடுகிறோம். அது பெரிய அநியாயம். கம்பஸுக்குள் இருக்கிற இந்த அறிவு சனசமூக நிலையத்துக்கும் விளையாட்டுக் கழகத்துக்கும் வர வேண்டும். தமிழ், முஸ்லிம், சிங்களவர் என்று எல்லோரும் வாழ்கிற மாவட்டத்தில் கணக்குத் தெரியாமல் கோபப்படுவது எல்லோருக்கும் கேடு.

மாதம் ஒரு பின்னேரம் வந்து கதைக்க அவர் சம்மதம். காசு வேண்டாம், மேடையும் வேண்டாம், ஒரு கரும்பலகை போதும் என்கிறார். இடம் தரக்கூடிய கழகங்கள், வாசிகசாலைகள் இன்பொக்ஸில் சொல்லுங்கள்.