டெல்லித் தூணைக் காட்டி மில் சக்கரத்தை விட்டுவிடாதீங்க

"பழைய மில் சக்கரத்தைக் கடற்கரைச் சாலையில் காட்சிக்கு வைக்கும்போது துருவைத் தொடாதீங்க, அதுவே கவசம், டெல்லி இரும்புத் தூண் 1600 வருஷமா நிக்குதே" என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். தூண் நிற்பது உண்மைதான், ஆனால் அந்தக் கணக்கு இங்கே செல்லாது.

அந்தத் தூண் காய்ச்சி அடித்து இணைத்த தேனிரும்பு (wrought iron). அதிலுள்ள பாஸ்பரஸ் மேலே மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகிறது, டெல்லிக் காற்றும் வறண்டது. நம் சக்கரமோ உருக்கி அச்சில் வார்த்த வார்ப்பிரும்பு, நிற்கப்போவது உப்புக்காற்றில். உப்பு துருவுக்கு அடியில் புகுந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு தின்றுகொண்டே இருக்கும். 1952 புயலில் விழுந்த நம் புதுச்சேரி பழைய கடல் பாலத்தின் மிச்சக் கால்களை ஒருமுறை பாருங்கள். வார்ப்பிரும்பில் இன்னொரு ஆபத்து, இரும்பு கரைந்துபோய் கிராஃபைட் (பென்சில் முனையில் இருக்கும் கரி) மட்டும் மிஞ்சினாலும் வடிவம் மாறாது, பார்க்க முழுசாகத் தெரியும், கத்தியால் கீறினால் கறுப்பாக உதிரும். ஜனங்கள் தொட்டுப் பார்க்கும், பிள்ளைகள் ஏறும் இடத்தில் இதைச் சோதிக்காமல் வைக்கவே கூடாது.

அதனால் உதிரும் துருவை எடுத்துவிட்டு முதலில் உப்பை வெளியேற்றணும். குழாய்த் தண்ணீரிலேயே உப்பு உண்டு, கடைசிக் கழுவலுக்காவது காய்ச்சி வடித்த நீர் வேண்டும். அந்தக் கழுநீரில் சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விட்டால் வெள்ளையாகக் கலங்குகிறதா, இன்னும் உப்பு இருக்கிறது, மறுபடி கழுவுங்கள். நன்றாகக் காய்ந்தபிறகு ஜிங்க் பிரைமர், எபாக்ஸி பெயிண்ட், அதன்மேல் வெயில் தாங்கும் பாலியூரித்தேன் பெயிண்ட் என்று வரிசையாகப் பூசணும். அப்புறம் வருஷாவருஷம் மழைக்கு முன்னால் யாராவது பெயிண்ட் உரிந்த இடத்தைப் பார்த்துச் சரிசெய்யணும், அதற்கும் இப்போதே பணம் ஒதுக்கச் சொல்லுங்கள்.