கெட்டி ஆயில் ஊற்றினால் பேரிங் சரியாகாது

ஒரு நண்பர், டீசல் காரில் ஐடிலிங்கில் (வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது) ஆயில் பிரஷர் லைட் எரிந்து, இன்ஜின் அடியிலிருந்து ‘டொக் டொக்’ சத்தம் வந்தால் 20டபிள்யூ-50 என்ற கெட்டி ஆயிலை ஊற்றி ஓட்டச் சொல்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கெட்டி ஆயிலால் பிரஷர் கொஞ்சம் ஏறும், லைட்டும் அணையலாம், ஆனால் தேய்ந்த பேரிங்கின் (கனெக்டிங் ராடுக்கும் கிராங்க் என்ற சுழலும் தண்டுக்கும் நடுவில் இருக்கும் உலோக ஓடு) இடைவெளி அப்படியேதான் இருக்கும், அப்புறம் ஒருநாள் ஹைவேயில் கனெக்டிங் ராடு (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) இன்ஜின் பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

முதலில் வண்டியை நிறுத்துங்கள். சென்சார் கோளாறா என்று மெக்கானிக்கல் பிரஷர் கேஜ் மாட்டிப் பாருங்கள். ஆயில் ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்துப் பாருங்கள். செம்பு நிறத்தில் மினுமினுத்தால் பேரிங்கின் மேல்பூச்சு போய் உள்படலம் தேய்கிறது என்று அர்த்தம். இன்ஜின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றி, ராடின் அடிப்பக்க மூடியான ராடு கேப்பைத் திறந்தால் தேய்மானம் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

புது பேரிங் மட்டும் போட்டு மூடிவிடாமல், கிராங்கை மைக்ரோமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். கீறல் விழுந்திருந்தால் 0.25 மி.மீ. கிரைண்டிங், அதற்கேற்ற அண்டர்சைஸ் (உள்விட்டம் குறைந்த) பேரிங். (சில கிராங்குகளைக் கிரைண்ட் செய்யக் கம்பெனியே அனுமதிப்பதில்லை, மாற்றத்தான் வேண்டும்.) பழைய ஆயில் கூலரைத் திரும்ப மாட்டாதீர்கள், அதில் சிக்கிய உலோகத்தூள் புது பேரிங்கையும் டர்போவையும் தின்றுவிடும்.