வானடியில் மீன் பிடிக்க ஓடுகிறவர்களுக்கு

கார்த்திகை, மார்கழியில் ஏதாவதொரு குளம் நிரம்பி வான் (மிகுதித் தண்ணீர் வழிகிற கட்டு) பாயுது என்று கேள்விப்பட்டால் போதும். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர், நடுவில் வீச்சுவலை, ஹான்டிலில் உரப்பை. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், அக்கராயன் என்று எல்லா இடத்திலும் இதே காட்சிதான். வன்னியில் இது ஒரு திருவிழா மாதிரி, விளங்குது. ஆனாலும் அந்தத் தண்ணீருக்குள் இறங்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. மீன் வேண்டுமென்றால் தை கடைசிவரை பொறுத்து, தூண்டிலோடு அலைகரைக்கு, அதாவது குளக்கட்டுக்கு எதிர்ப்பக்கத்து ஆழம் குறைந்த கரைக்குப் போங்கள்.

வானடியில் ஆளை எது கொண்டு போகிறது என்று முதலில் பார்ப்போம். முழங்கால் அளவு தண்ணீர்தானே என்று நினைப்போம். வானுக்குக் கீழே இருக்கிற கொங்கிறீற்றில் பாசி படர்ந்திருக்கும், அந்த வேகத்தில் கால் ஒருமுறை வழுக்கினால் திரும்ப ஊன்ற முடியாது. தண்ணீர் விழுகிற இடத்துக்கு அடியில் சுழி இருக்கிறது. அது மேலே வந்த ஆளைத் திரும்பவும் விழுகிற தண்ணீருக்குக் கீழே இழுக்கும், அதற்குள் நீச்சல் தெரிந்தவரும் தெரியாதவரும் ஒன்றுதான். இரணைமடு போல வான்கதவு உள்ள குளத்தில் இன்னொரு சிக்கல்: கதவை இன்னும் கொஞ்சம் உயர்த்தினால், கீழே நிற்கிறவர் திரும்பிப் பார்ப்பதற்குள் தண்ணீர் இடுப்புக்கு வந்துவிடும். 2018 மார்கழி வெள்ளத்தில் இரணைமடுவுக்குக் கீழே ஓடுகிற கனகராயன் ஆற்றுத் தண்ணீர் எவ்வளவு வேகமாக ஏறியது என்று கிளிநொச்சி ஆட்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

இதைவிட மோசமானது வலைக்கயிறு. வீசுகிறவர்கள் கயிற்று நுனியைச் சுருக்குப் போட்டு மணிக்கட்டில் மாட்டுவார்கள். குளத்தில் அது சரி. வானடியில் கல்லுக் கட்டின கம்பிவலையிலோ உடைந்த கொங்கிறீற்றுக் கம்பியிலோ வலையின் ஈயம் மாட்டினால், ஓடுகிற தண்ணீர் முழு வலையையும் இழுக்கும், சுருக்கு இறுகும், கையைக் கழற்ற முடியாது. எவ்வளவு சொன்னாலும் போகத்தான் போவோம் என்கிறவர்கள் இதையாவது செய்யுங்கள்: சுருக்கை அவிழ்த்துவிட்டுக் கயிற்றை உள்ளங்கையில் மட்டும் பிடியுங்கள். வலை போனால் போகட்டும்.

"வானால விழுந்த மீன் எப்படியும் குளத்துக்குத் திரும்பாது, பிடிச்சா என்ன?" என்று கேட்பார்கள். பாதி நியாயம். விழுந்த மீன் வயல் வாய்க்காலில் கிடந்து கொக்குக்குப் போவதை விடச் சட்டிக்கு வருவது நல்லதுதான். ஆனால் வானடியில் வலைக்குள் வருவதெல்லாம் விழுந்த மீன் இல்லை. புதுத் தண்ணீருக்கு எதிர்த்து ஏறுகிற, வயிறு நிறையச் சினையோடு வருகிற மீனும் அதற்குள்தான் இருக்கும். அதைவிட, வானால் போகிற கட்லா, ரோகு, மிருகால் எல்லாம் குளத்து மீனவர் சங்கத்துக்காரர் குஞ்சாக வாங்கி விட்டவை. திலாப்பியா குளத்திலேயே தானாகப் பெருகும், 1952இல் கொண்டுவந்து விட்டது இன்றைக்கு எல்லாக் குளத்திலும் நிற்கிறது. இந்தக் கெண்டை இனங்கள் தேங்கின தண்ணீரில் பெருகாது, போனது போனதுதான். வானுக்கு முன்னால் வலை கட்டி மறிக்கிற சங்கத்தோடு அதை அவிழ்க்கச் சொல்லிச் சண்டை பிடிக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இனித் தூண்டில். மாரி முடிந்து தண்ணீர் தெளிந்து, குளம் மெல்ல வற்றத் தொடங்குகிற தை கடைசி தொடக்கம் சித்திரை வரைதான் நல்ல காலம். முதல் பிழை இடத்தில்தான் நடக்கிறது. கார் நிற்கிற இடம் என்பதற்காகக் குளக்கட்டில் இருந்து போடுவார்கள். அங்கே கட்டோரம் ஆழம், கல்லில் தூண்டில் முள்ளு மாட்டும். திலாப்பியா மேய்வது அலைகரைப் பக்கம், புல்லும் பட்டமரமும் நிற்கிற மூன்று நான்கு அடித் தண்ணீரில். காலை ஒன்பது மணிக்கு முன்பும், பின்னேரம் நாலரைக்குப் பிறகும். உச்சி வெயிலில் போட்டுவிட்டு "குளத்தில மீனே இல்லை" என்று சொல்லாதீர்கள்.

பத்துப் பன்னிரண்டு அடிக் கம்பு, அதே நீளத்துக்கு 0.25 மில்லிமீற்றர் தங்கூசி (ஒற்றை இழை நைலோன் நூல்), 8 அல்லது 10ஆம் இலக்க முள்ளு. இலக்கம் கூடக் கூட முள்ளு சின்னது, இதைத் தலைகீழாக விளங்கிக்கொண்டு பெரிய முள்ளு வாங்குகிறவர்கள்தான் கூட. திலாப்பியாவுக்கு வாய் சின்னது, பெரிய முள்ளில் இரையை மட்டும் கொத்திக்கொண்டு போகும். முள்ளுக்கு நான்கு விரல் மேலே பயறளவு ஈயம். மிதப்பை, முள்ளு அடியில் இருந்து அரை அடி உயரத்தில் நிற்கிற மாதிரி ஏற்றி இறக்கிச் சரிபாருங்கள். ஈயம் பாரமாகி மிதப்பு முழுதாகத் தாழ்ந்து போனால் கொத்து தெரியாது, ஈயத்தைக் கொஞ்சம் வெட்டி எடுத்துவிட வேண்டும்.

இரைக்கு நாக்கிளிப்புழு (மண்புழு) தான் முதல் தரம். பாதியாக வெட்டி, முள்ளின் நுனி மட்டும் தெரியக் கோர்த்துவிடுங்கள். முழுப் புழுவைத் தொங்க விட்டால் வாலைத் தின்றுவிட்டுப் போய்விடும். புழு கிடைக்காவிட்டால் பாணும் கோதுமை மாவும் பிசையலாம், ஆனால் ஒரு நுள்ளுப் பஞ்சு சேர்க்காவிட்டால் தண்ணீரில் கரைந்துவிடும். மிதப்பு முதலில் நடுங்கும், அப்போது இழுக்காதீர்கள். பக்கவாட்டில் வழுக்கிப் போகும்போது மணிக்கட்டால் சுண்டினால் போதும்.

விராலுக்குக் கணக்கு வேறு. 0.40 தங்கூசி, 1/0 முள்ளு, சின்னத் தவளை. தாமரை இலைக்கும் சம்பு புல்லுக்கும் இடையில் தட்டித் தட்டி இழுக்க வேண்டும். கவ்வினவுடன் இழுத்தால் தவளைதான் திரும்பி வரும், மூன்று எண்ணிவிட்டு இழுங்கள். தண்ணீர் மேல்மட்டத்தில் செந்நிறக் குஞ்சுகள் பந்தாகக் கொப்பளிக்கிறதைக் கண்டால் தாய் தகப்பன் கீழே காவலுக்கு நிற்கும். அந்த இடத்தில் போட்டால் கட்டாயம் கவ்வும். அதனாலேயே போடக்கூடாது. காவல் போனால் அந்த முழுக் குஞ்சையும் மற்ற மீன் தின்றுவிடும்.

சுங்கான் என்கிற மீசை மீன் மாட்டினால் கையால் பிடிக்க வேண்டாம், செட்டை முள் குத்தினால் கை விண்விண் என்று வலிக்கும். பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீருக்குள் அரை மணித்தியாலமாவது வைத்திருந்தால் அந்த நஞ்சு அடங்கும். குறைந்தபாடில்லை என்றால் ஆஸ்பத்திரிதான்.

முதலை இல்லாத பெரிய குளம் வன்னியில் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்குள் நின்று தூண்டில் போடுவதும், ஓரத்தில் குந்தி இருந்து மீன் வெட்டிக் குடலை எறிவதும் அதற்கு நாங்களே சாப்பாட்டு நேரம் பழக்குகிற வேலை. முத்தையன்கட்டு, தண்ணிமுறிப்புப் பக்கம் பொழுதுபடமுதல் வெளிக்கிடுங்கள், யானை தண்ணிக்கு வரும். குளம் வற்றின இடத்தில் இரும்புத் துண்டு, உருளை என்று எதைக் கண்டாலும் கம்பால்கூடத் தட்டக்கூடாது, போர்க்கால வெடிபொருளாக இருக்கலாம், இடத்தைக் குறித்துக்கொண்டு பொலிசின் 119க்குச் சொல்லுங்கள். சோளகம் (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் மத்தியானத்துக்குப் பிறகு இரணைமடுவில் வள்ளம் ஏற வேண்டாம். கடல் அளவுக்கு இல்லாவிட்டாலும் சின்ன வள்ளத்தைக் கவிழ்க்க அந்த அலை காணும்.

சங்கத்துக்காரர் பின்னேரம் வலை கட்டி விடியத்தான் எடுப்பார்கள். அவர்களின் மிதப்பைக் கண்டால் தள்ளிப் போடுங்கள், மாட்டின முள்ளை எடுக்க வலையை வெட்டுகிற ஆட்களும் இருக்கிறார்கள். 8.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்த கண் வலையும் தங்கூசி வலையும் சட்டப்படி கூடாது. உல்லாசமாக வருகிறவர்கள் சின்னக் கண் வலையோடு வந்துவிட்டு "நாங்க விக்கவா போறம்" என்பதில் அர்த்தமில்லை, குஞ்சுக்கு அது தெரியாது.

கடைசியாக, குளத்து மீன் சேற்று மணம் என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு. பிடித்தவுடன் ஐஸில் போடுங்கள், உரப்பைக்குள் வெயிலில் கிடந்தால் எந்த மீனும் நாறும். வெட்டும்போது வயிற்றுக்குள் இருக்கிற கறுப்புச் சவ்வை உரசி எடுத்து, திலாப்பியா என்றால் தோலையும் உரித்து, பழப்புளித் தண்ணீரில் கால் மணித்தியாலம் ஊறவிட்டுக் கழுவுங்கள். பிறகு பொரித்தாலும் சரி, குழம்பு வைத்தாலும் சரி.